பக்க எண்

"ஒரே வாரத்துல நாலு கேஸ் கட்டைத் திருப்பி அனுப்பிட்டாரு. எதுக்கு? பக்க எண் போடலையாம்!"

புதிதாக வந்த நீதிபதியைப் பற்றிப் பெஞ்ச் கிளார்க் தன் மனைவியிடம் பொருமினார்.

"எதிராளியோட வக்கீல் கண்டுபிடிச்சாரா?"

"நாலு கேஸ்லயும் எதிராளிக்கு வக்கீலே இல்லைம்மா. இவரே தோண்டி எடுக்குறாரு!"

"மளிகை லிஸ்டுக்கே நம்பர் போடுற மனுஷன் நீங்க. உங்களுக்கா இந்தக் கதி?" என்று சிரித்தாள் அவள்.

கிளார்க்குக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஆயிற்றே!

மறுநாள் காலையில் முதல் வழக்கின் கட்டைப் பிரித்தார். வக்கீல் எண் போடாமல் விட்டிருந்த பதினொரு பக்கத்துக்கும் தன் பேனாவாலேயே எண் போட்டார். இனி என்ன குறை சொல்லிவிடுவார், பார்த்துவிடலாம்!

அது சுருக்க வழக்கு. பிரதிவாதி பதினைந்து நாளுக்குள் பதிலை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விசாரணை கிடையாது, நேரே தீர்ப்புதான். கெடுவை நீட்டச் சட்டத்தில் இடமில்லை.

"பதினாறாவது நாள் ஐயா. பதில் வரலை. கடையைக் காலி பண்ண உத்தரவு போட்டுடலாம்" என்றார் வழக்குப் போட்ட கட்டடச் சொந்தக்காரரின் வக்கீல்.

எதிரே தையல்கடைக்கார அம்மா தனியாக நின்றாள். கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"ஏன் பதில் கொடுக்கலை?" என்றார் நீதிபதி.

"நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு இருந்துட்டேங்க. கடை இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எனக்குத்தான்னு கட்டடச் சொந்தக்காரரோட அப்பாவே எழுதிக் கொடுத்த காகிதம் இருக்குங்க. அந்தக் கடை போச்சுன்னா..."

"அதை இப்போ கேக்க முடியாதும்மா."

அவள் முகம் செத்துப்போனது. கிளார்க்குக்கே பாவமாக இருந்தது.

நீதிபதி கட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். கடைசியிலிருந்து மறுபடி முதலுக்கு வந்தார்.

"இந்த எண்ணெல்லாம் யார் போட்டது?"

கிளார்க் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் ஐயா. ஒரு பக்கம் விடலை!"

"வாதி போட வேண்டியதை நீங்க எப்படிப் போடலாம்? செல்லாது. மனுவைத் திருப்புங்க. சரி பண்ணி, இந்த அம்மாவுக்குப் புது நகல் அனுப்பட்டும். அது கிடைச்ச நாள்லேருந்துதான் பதினைஞ்சு நாள் கணக்கு."

"பக்க எண்ணுக்காகவா ஐயா?" வக்கீல் வாயைப் பிளந்தார்.

நீதிபதி அதைக் காதிலேயே வாங்கவில்லை. அந்த அம்மாவிடம் எரிந்து விழுந்தார். "இன்னும் ஏன் நிக்கிறீங்க? கீழே மூணாம் நம்பர் அறையில இலவச வக்கீல் உக்காந்திருக்காரு. அந்தக் காகிதத்தை அவர்கிட்ட போய்க் காட்டுங்க!"

அவள் ஓடினாள்.

கிளார்க்குக்கு மானமே போய்விட்டது. கறுவிக்கொண்டே அடுத்த கட்டைப் பிரித்தார். அதுவும் சுருக்க வழக்குதான், ஒரு கம்பெனிமேல் இன்னொரு கம்பெனி போட்டது. கெடு தாண்டியும் பதில் தராத கம்பெனிக்காக மூன்று வக்கீல்கள் எழுந்து நின்றார்கள்.

கட்டில் ஒரு பக்கத்துக்கும் எண் இல்லை. வசமாக மாட்டினார் மனுஷர்!

"ஐயா, இதுலயும் எண் போடலை. திருப்பிடட்டுமா?" என்றார் கிளார்க், எல்லோர் காதிலும் விழும்படி.

நீதிபதி தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவங்களுக்குத்தான் மூணு வக்கீல் இருக்காங்களே. எண்ணை நீங்களே போட்டுடுங்க."