ஆமை பழகும் வரை

ஆமைப் பெட்டியின் நான்கு பக்கமும் அட்டை ஒட்டியே தீர வேண்டும் என்று கினாந்தி அடம்பிடித்தாள்.

"வெளிய தெரிஞ்சா அங்க போகணும்னு முட்டிக்கிட்டே கெடக்கும், சித்தி. மூக்கு புண்ணாயிடும்."

சித்தி மர்யாத்தி தன் பையன்களின் பழைய நோட்டு அட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஏழு வயதுக்காரி தரையில் மண்டியிட்டு, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் சுவர்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

வுர்யானி நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. குனிந்தால் மூச்சு முட்டியது. ஒருமுறை எழப் பார்த்தாள்.

"அம்மா, நீ சும்மா உக்காரு. எனக்குத் தெரியும்."

அதனால் வுர்யானிக்கு வாய் மட்டும்தான் வேலை செய்தது. மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. ஒளிந்துகொள்ள உடைந்த சட்டி ஒன்றைக் கவிழ்த்து வை. காலையில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் விடு, தண்ணீர் தாடைக்கு மேலே ஏறக் கூடாது. இலை கொடு. பாவமாக இருக்கிறதே என்று சோறு போட்டுவிடாதே.

தங்கை மர்யாத்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆமைக்குட்டி பெஜோ உள்ளங்கை அளவுதான். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, வேறு யாரைப் பற்றியோ பேச்சு நடப்பது போல இருந்தது.

பாப்பா வரப்போகும் வீட்டில் ஆமை இருந்தால் கிருமி ஒட்டும் என்று கினாந்தியிடம் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு ராத்திரி அழுதாள். மறுநாள் எழுந்து பெஜோவின் சாமான்களைத் தானே கட்டத் தொடங்கினாள்.

சுரபாயா நகரத்திலிருந்து சித்தியின் ஊருக்கு நான்கு மணி நேரப் பயணம். வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பாட்டுகூடப் பாடவில்லை.

வாசலில் கார் நின்றது. வுர்யானியின் கணவன் அதிலிருந்து இறங்கவே இல்லை. அவனுக்காகப் பொரித்த வாழைப்பழம் தட்டிலேயே ஆறிப்போனது. டிக்கியில் இன்னொரு பெட்டி இருந்தது, யாரும் அதை இறக்கவில்லை.

"செம்பருத்தி இருக்கா சித்தி?" என்று கேட்டுவிட்டுக் கினாந்தி கொல்லைக்கு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் மர்யாத்தி குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னுமாக்கா சொல்லல?"

வுர்யானி கொல்லைப் பக்க ஜன்னலையே பார்த்தாள்.

"ஒரு மணி நேரமா ஆமை புராணம் பாடுற. எம்பொண்ணு என்ன சாப்பிடுவா, எதுக்குப் பயப்படுவான்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

எம்பொண்ணு. பெற்றவள் சொல்லலாம்.

பத்து மாதக் குழந்தையாக இந்த வீட்டிலிருந்துதான் வுர்யானி அவளைத் தூக்கிப்போனாள். பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளையை வளர்த்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று ஊரே சொன்னது. தூண்டில் பிள்ளை என்றுதான் அதற்குப் பெயர். ஆறு வருடம் எதுவும் வரவில்லை. அந்த ஆறு வருடத்தில், எதற்காகத் தூக்கிவந்தோம் என்பதே வுர்யானிக்கு மறந்துபோனது.

மாமியாருக்கு மறக்கவில்லை.

"மீன்தான் மாட்டியாச்சே. இன்னும் எதுக்குப் புழுவக் கட்டிக்கிட்டு அழற?"

ஏழாம் மாதச் சடங்குக்கு முன்னால் கினாந்தி பெற்றவள் வீட்டுக்கே போய்விட வேண்டும். இன்னொருத்தியின் பிள்ளை கூட இருந்தால் வயிற்றில் இருப்பது தங்காதாம்.

கணவன் அம்மா பேச்சைத் தட்டவில்லை. கினாந்தி வருவதற்கு முன்பே மூன்று முறை கலைந்த வயிறு. வுர்யானியும் தலையாட்டிவிட்டாள். மாமியார் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது.

கினாந்தி இரண்டு கையிலும் இலையோடு வந்தாள். வெளியே ஹார்ன் ஒலித்தது. டிக்கியிலிருந்த கினாந்தியின் துணிப்பெட்டியை இன்னும் இறக்கவில்லை.

மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டன.

"கினா... பெஜோவுக்கு இது புது இடம்ல. அது பழகுற வரைக்கும் நீயும் இங்கயே இரேன்."

சொன்ன உடனே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லக்கூட அந்த வாயில்லாப் பூச்சிதான் தேவைப்பட்டது.

கினாந்தி இலைகளைக் கிள்ளிக் கிள்ளிச் சட்டியின் வாசலில் போட்டாள். எத்தனை நாள் என்று கேட்பாள் என்று வுர்யானி காத்திருந்தாள். எதற்கும் எத்தனை என்று கேட்கிற பெண். பதில்கூடத் தயாராக இருந்தது.

அவள் கேட்கவில்லை.

மர்யாத்தி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவும் சத்தம்.

கடைசி இலையையும் போட்டுவிட்டுக் கினாந்தி எழுந்தாள். மண் ஒட்டிய கைகளைப் பாவாடையில் நன்றாகத் துடைத்தாள். வுர்யானியின் வலது கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பள்ளிக்குக் கிளம்பும்போது தினமும் செய்வதுதான்.

"பெரியப்பா ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்காங்க," என்றாள். "பாத்துப் போயிட்டு வாங்க, பெரியம்மா."