இந்தியாவின் சார்பில்

"டீ ஒண்ணு போடுங்கண்ணே. சர்க்கரை கம்மியா."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த எட்வேட்டின் பணிஸ் ரொட்டி பாதி வழியில் நின்றது. மன்னார் பஜாரில், நுஃமானின் தேத்தண்ணிக் கடையில், இப்படியொரு இந்தியத் தமிழா! திரும்பிப் பார்த்தான். சண்டை ஓய்ந்தபின் தலைமன்னார் ரயில் பாதையைத் திரும்பப் போடும் இந்தியக் கொம்பனியின் தொப்பியோடு ஓர் இளைஞன் நின்றான்.

"சர்க்கரை போட்டு இங்க ஆரும் தேத்தண்ணி குடிக்கிறேல்ல தம்பி. சீனி எண்டா போடுவன்," என்றார் நுஃமான்.

"தம்பிக்கு எந்த ஊரு?" எட்வேட் கிட்டத்தட்டப் பாய்ந்தான்.

"ராமநாதபுரம் பக்கம்ண்ணே. பேரு பெனடிக்ற். நீங்க?"

"திருச்சி. எட்வேட். பாலத்து வேலையில வெல்டர்."

"ரெண்டும் இந்தியாவோ? அப்ப ஒரு மேசையில இருங்கோ. எனக்குத் துடைக்கிற வேலை மிச்சம்."

எட்வேட்டுக்கு அந்த ஊரில் ஒரு சிநேகிதன் கிடையாது. வேலைத்தலத்தில் அவனுடைய பெயரே 'இந்தியா' என்றாகிவிட்டது. வாயைத் திறந்தால் சிரித்தார்கள். அதனால் திறப்பதை விட்டுவிட்டான். ஆனால் ஒரு மனிதன் நாள் முழுக்க இரும்போடு மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

அன்றிலிருந்து மாலையானால் அந்த மேசைதான். அந்நிய மண்ணில் இரண்டு பேர் நெருங்குவதற்கு, அந்த மண்ணைச் சேர்ந்து திட்டுவதைவிடச் சுருக்கு வழி வேறில்லை.

"எதைக் கேட்டாலும் ஓம், ஓம்ங்கிறாங்க. பூசையா பண்றாங்க?"

"இட்லி கேட்டேண்ணே. யாழ்ப்பாணம் போகச் சொல்றாரு இந்த பாய்."

"கழுதையைப் பாத்தியா? நம்ம ஊர்ல அதுக்கு ஒரு வேலை இருக்கும். இங்க பெரிய மனுசன் மாதிரி பஜார்ல சும்மா நிக்குது."

இடியப்பத்தையும் சொதியையும் திட்டிக்கொண்டே இருவரும் தட்டை வழித்துத் துடைத்தார்கள்.

"இவ்வளவு கேவலமான சாப்பாட்டை மிச்சம் வைக்காமத் திங்கிற ஆக்களை நான் இப்பதான் காணுறன்," என்றார் நுஃமான்.

ஒரு நாள் பெனடிக்ற் தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"காண்ட்ராக்ட் முடிஞ்சுதுண்ணே. சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புறேன்."



"ஃப்ளைட்டா?"

"ஆ... ஆமா. கொழும்பு போயி."

"திரும்ப வருவியா?"

"எங்கண்ணே..."

மறுபடியும் இரும்போடுதான் பேச வேண்டும்.  பெனடிக்ற் தொடாத தேத்தண்ணியையும் எட்வேட்டே எடுத்துக் குடித்தான்.

சனிக்கிழமை எட்வேட் பஸ் நிலையத்துக்கு ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தான்.

"அம்மாகிட்டக் குடு. அங்க கிடைக்காது."

ராமநாதபுரத்தில் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை என்பது இருவருக்கும் தெரியும். பெனடிக்ற் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டான்.

கொழும்பு பஸ் புறப்பட்டது. அது திரும்பி மறையும்வரை எட்வேட் கையாட்டினான். கண் கலங்கியது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தான், யாரும் கேட்கவில்லை. பிறகு தலைமன்னார் பஸ்ஸில் ஏறி, பின் சீட்டில் தனியாக உட்கார்ந்தான்.

அந்த பஸ் நகரும் நேரத்தில் ஓர் ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து குறுக்கே நின்றது. பெட்டியும் கருவாட்டுப் பொட்டலமுமாக ஒருவன் குதித்து ஏறினான். பெனடிக்ற்! எட்வேட்டைக் கண்டதும் பெட்டி அவன் கையிலிருந்து விழுந்தது.

"டேய், ஃப்ளைட்டு?"

அவன் பதில் சொல்லுமுன் கண்டக்டர் வந்துவிட்டான். "எங்க இறக்கம்?"

பெனடிக்ற் தலைகுனிந்தான். "ஓலைத்தொடுவாய்ச் சந்தி."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எட்வேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். "கொழும்பு பஸ்ஸை விட்டுப் பாலத்துக்கிட்டயே இறங்கிட்டேண்ணே. நான் இந்தியா இல்லை. இங்கதான் பொறந்தேன். ரெண்டு வயசுல சண்டைக்குப் பயந்து என்னைத் தோணியில தூக்கிட்டுப் போயிட்டாங்க. மண்டபம் அகதி முகாம்ல வளந்தேன். திரும்பி வந்தா இங்க எல்லாரும் இந்தியாக்காரன்ங்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் மனுசனா மதிச்சுப் பேசுனீங்க. அகதின்னு தெரிஞ்சா விட்டுடுவீங்களோன்னு பயம்."

"அதுக்குக் கொழும்பு பஸ்ஸில ஏறுவியாடா?"

"வேலை முடிஞ்சா இந்தியாக்காரன் இந்தியாவுக்குத்தானே போகணும்?"

எட்வேட் கீழே கிடந்த பெட்டியை எடுத்துச் சீட்டுக்கடியில் தள்ளினான். பிறகு ஒரு தேசமே மன்னிப்பதுபோல் அவன் தோளில் கையைப் போட்டான்.

"போடா பைத்தியக்காரா. எங்க இந்தியாவுல நாங்க அதெல்லாம் பாக்க மாட்டோம். தேடி வந்தவங்களை வாழ வைக்கிற சனம்டா நாங்க. நீ எப்பவும் என் தம்பிதான்."

பெனடிக்ற் நன்றியோடு மூக்கை உறிஞ்சினான்.

கண்டக்டர் எட்வேட்டிடம் எதுவும் கேட்காமலே அடுத்த டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான்.

"பேசாலைதானே எட்வேட் அண்ணை? உங்கட அம்மா காலமை பஸ்ஸை மறிச்சுச் சொன்னவா. திருச்சி முகாமில இருந்து நீங்கள் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வருசமாகியும் இன்னும் மீன் பாத்து வாங்கத் தெரியேல்லையாம். இண்டைக்கு வெறுங்கையோட வரட்டாம்."