காவி லப்பம்

"ஓட்டை போடுததே நீருதானவே?"

சோலைச்சாமி இப்படிக் கேட்டதும் காசிராஜனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுவரை வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்டவர், தண்ணீர் விட்டுப் பார்த்து மூன்றாவது தடவையும் கூரை ஒழுகியதும் 'வே'க்கு இறங்கிவிட்டார். அதுவும் ரோடு வேலைக்காரர்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க.

கோவில்பட்டிக்குத் தெற்கே நாலுவழிச் சாலை போடுகிற இடத்தில், கரிசல் காட்டு ஓரமாக நின்றது அந்த டிரெய்லர் வீடு. நாலு சக்கரம், தகரக் கூரை, உள்ளே மேலும் கீழுமாக ரெண்டு கட்டில், ஒரு ஸ்டவ். சாலை வேலை சூப்பர்வைசர் சோலைச்சாமியும் அவர் மகள் மாரிசெல்வியும் அதில்தான் குடியிருந்தார்கள். தாய் இறந்ததிலிருந்து அப்பாவுக்கு எந்த ஊரில் வேலையோ அதுதான் அவளுக்கும் ஊர்.

"வெள்ளிக்கிழமை லாரி வருது. வண்டியக் கோத்து இழுத்துட்டுப் புனலூர் போயாகணும். அங்கன பெய்ய ஆரம்பிச்சா வாரக்கணக்குல பெய்யும். ஒழுகுத வண்டிக்குள்ள பொட்டப்பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எப்படிவே குடியிருக்கது?"

"சொட்டு விழாம அடைச்சுத் தாரேன்."

"இதத்தான் ரெண்டு தடவ சொன்னீரு. வேலைய இழுத்தடிக்கணும்னு நீரே குத்திவிட்டுட்டுப் போறீரோ என்னமோ!"

கூட்டத்தில் எவனோ சிரித்தான். காசிராஜன் முப்பது வருடமாகப் பஸ் பாடி கட்டும் பட்டறையில் கூரை அடைத்த மனிதர். சுற்று வட்டாரத்தில் எந்த வண்டி ஒழுகினாலும், "காசிராஜனக் கூப்பிடு" என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது ஆபத்து. இந்தப் பத்துப் பேரும் பத்து ஊரில் போய்ச் சொல்வார்கள்.

"இன்னொரு தடவ தண்ணிய விடச் சொல்லுங்க. நான் உள்ள நின்னு பாக்குதேன். நான் குத்துன ஓட்டையா இருந்தா இந்தத் தொழிலையே விட்டுருதேன்."

தண்ணீர் லாரியிலிருந்து குழாய் போட்டுக் கூரைமேல் பீய்ச்சினார்கள். பங்குனி வெயிலில் குடத்தோடு ரெண்டு மைல் நடந்து வந்த பெண்கள் அதைப் பார்த்து, வாய்விட்டே திட்டிக்கொண்டு போனார்கள். காசிராஜன் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

உள்கூரைப் பலகையை முதல் நாளே கழற்றிப் போட்டாயிற்று. தகரமும் ஆணி வரிசையும் அப்படியே தெரிந்தன. கூரையை ஒட்டிய மேல்கட்டிலில், பரீட்சை அட்டையை மடியில் வைத்து, மாரிசெல்வி நோட்டில் காம்பஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். வட்டத்துக்கு வட்டம் நடுவில் ஒரு செம்புள்ளி. பிள்ளை சிவப்பு மையெல்லாம் வைத்து அழகாகப் போடுகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன பண்ணப் போறிய?" என்று வெளியே பார்த்துப் பேச்சுக்குக் கேட்டார்.

"போற ஊருல பள்ளிக்கூடமா இல்ல? நீரு ஓட்டையப் பாரும்வே!"

ஓர் ஆணி, ரெண்டு ஆணி, மூன்று ஆணி. ஒவ்வொன்றாக டார்ச் அடித்துத் தடவிக்கொண்டே போனார். கூரைமேல் தண்ணீர் தடதடவென்று இறைந்தது. மேல்கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் வந்தபோது 'சொட்' என்று நெற்றியில் விழுந்தது.

எக்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவரே அடைத்த இடம்தான். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டை அடைக்கிற லப்பத்தைப் பிசையும்போது ஒரு சிட்டிகை காவிப்பொடி சேர்த்துக்கொள்வார். பின்னால் எவன் கைவைத்தாலும், தான் அடைத்தது எது, அடுத்தவன் அடைத்தது எது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்தக் காவி லப்பத்தின் நடுவில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். மேலேயிருந்து குத்தவில்லை. உள்ளேயிருந்து குத்தியிருக்கிறது. உதிர்ந்த காவித்தூள் தலையணை மேல் கிடந்தது.

'அப்பாடா' என்றிருந்தது அவருக்கு. வெளியே போய் நாலு வார்த்தை சொன்னால் போதும். சிரித்த பயல்கள் முன்னாலேயே போன பேரைத் திரும்ப வாங்கிவிடலாம்.

துள்ளலாகத் திரும்பியவர் மறுபடியும் அந்த நோட்டின் செம்புள்ளிகளைப் பார்த்தார். மாரிசெல்வி சட்டென்று அதை மூடினாள். காம்பஸை மடிக்குள் ஒளித்தாள்.   கண் நிறைந்து நின்றது.

"என்னவே, சத்தத்தையே காணோம்? கண்டுபிடிச்சீரா இல்லையா?"

காசிராஜன் வாசலுக்கு வந்தார். பத்துப் பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். முப்பது வருடத்துப் பேர் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன். தப்பு எம்மேலதான். லப்பம் சரியில்ல. இனி அடைச்சுப் பிரயோசனமில்ல, கூரைத் தகட்டையே கழத்தி மாத்தணும்."

"அப்படி வாரும் வழிக்கு!" சோலைச்சாமி கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார். இந்தத் தடவை எல்லாருமே சிரித்தார்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"முடியாது."

"அப்ப லாரிய வேற நாளுக்குத் தள்ளி வைக்கணும். எத்தனை நாளுதான்வே ஆகும்? ஒரு கணக்குச் சொல்லித் தொலையும்!"

"இருங்க, பாத்துச் சொல்லுதேன்."

காசிராஜன் மறுபடி உள்ளே போனார். டார்ச்சை அணைத்துவிட்டு, மேல்கட்டில் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பரீட்சை என்னைக்குத் தாயி முடியுது?"