களிம்பு போன அம்மன்

“யாரைக் கேட்டு இதுல கை வெச்சே? ஆறு மாசத்து வேலைங்க மேடம்! ஒரே மத்தியானத்துல நாசம் பண்ணிப்போட்டாளே!”

சிற்பி கௌதமன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

கீதா கூனிக் குறுகி நின்றாள். போன வாரம்தான் அவனிடம் அந்த வெண்கல அம்மன் சிலையை வாங்கி, பீளமேட்டு வீட்டு ஹாலில் வைத்திருந்தாள். பழைய கோயில் சிலை பாணியில் புதிதாக வார்த்தது என்று சொல்லித்தான் விற்றான். மேலே இருக்கும் பச்சைக் களிம்புகூடத் தன் கைவேலைதான் என்று பீற்றிக்கொண்டிருந்தான். அந்தக் களிம்பைத்தான் வேலைக்கார மாசாணியம்மாள் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டாள்.

“அழுக்குன்னு நெனைச்சுட்டாளுங்க” என்றாள் கீதா.

“அழுக்கா? அதுதானுங்க கலை! குண்டாவும் சிலையும் இவளுக்கு ஒண்ணுங்களா? மொதல்ல இவளை வேலைய உட்டு நிறுத்துங்க. சிலைய நான் இப்பவே எடுத்துட்டுப் போயி மறுபடி பூசிக் குடுக்கறேன்.”

கீதாவுக்கும் பொறுமை போய்விட்டது. “வாயத் தொறந்து மன்னிப்புக் கேளு, மாசாணி. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

பதினோரு வருடமாகப் பாடுபட்ட வீடு. அந்த வேலை போனால் அடுப்பு எரியாது. ஆனாலும் மாசாணியம்மாள் அசையவில்லை. அவளுக்கும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கோணும்? ஏனுங்க, இது நெசமாலுமே நீங்க செஞ்ச சிலைங்களா?”

“பின்னே? மெழுகுல உருப் புடிச்சு, வார்த்து, அரத்தால ராவி, எல்லாம் இந்தக் கைதான்!”

“அப்பறம் எப்புடிங்க மூக்கு தேஞ்சு கெடக்குது?”

“பழசாட்டம் தெரியோணும்னு நாந்தான் மழுக்கினேன். உனக்கென்ன தெரியும் சிற்பத்தைப் பத்தி?”

“ஒண்ணும் தெரியாதுங்க” என்றவள், இரண்டு கையாலும் சிலையைப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பினாள். “அம்மணி, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. களிம்பு போன எடத்துல, பீடத்துல ‘பங்காரம்மா உபயம்’னு எங்காத்தா பேரு இருக்குது. மூணு வருசத்துக்கு முன்னால எங்கூர்க் கோயில்ல களவு போன அம்மனுங்க இது!”