விரலைப் பிடித்தவன்

தையல்கடைக்குள் நுழைந்தவனைக் கண்டதும் கடைக்காரன் குச்சி, மிஷினை நிறுத்தினான்.

“டேய் மூக்கா, நீயா? பள்ளிக்கூடம் முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு.”

“உன்னைக் கண்டுபிடிக்க நாயா அலைஞ்சேன்டா. பயாலஜி லேப்ல ரத்தம் எடுக்க விரலைக் குத்தினப்போ நான் மயங்கி விழுந்தேன். நீதான் கையைப் பிடிச்சுக்கிட்டே. அதை மறக்கவே இல்ல.”

“மறக்க முடியுமா? நமக்கு ஒரே பிளட் குரூப்னு வந்ததும், கூடப்பிறந்தவங்க மாதிரின்னு வாத்தியார் சொன்னாரே.”

குச்சிக்குக் கண் கலங்கியது. டீ வரவழைத்தான்.

“உடம்பெல்லாம் எப்படிடா இருக்கு?” என்றான் மூக்கன்.

“அது கிடக்கட்டும். உனக்குக் குடி, சிகரெட் எதுவும் உண்டா?”

“தொட்டதே இல்ல.”

குச்சியின் முகம் மலர்ந்தது. “நீ நல்லா இருக்கணும்டா. டீயைக் குடி.”

“முதல்ல நீ குடி.”

இருவரும் குடிக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது.

மூக்கன் அவன் கையைப் பற்றினான். “சுத்தி வளைக்கல. எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. தண்ணியைக்கூட அளந்துதான் குடிக்கிறேன். அன்னிக்கு மாதிரி நீதான்டா கைகொடுக்கணும்.”

குச்சி கையை விடுவித்துக்கொண்டு முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டினான். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி, நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

“நானும் உன்னைத்தான்டா ஊரெல்லாம் தேடிட்டிருந்தேன்.”

மூக்கன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

“நம்ம கிளாஸ்ல வேற யாருக்காவது இதே குரூப் இருந்துச்சா?”

குச்சி மிஷினை மிதிக்கத் தொடங்கினான்.

“தெரிஞ்சா உனக்கா சொல்வேன்?”