இன்னும் நாலரை மாசம் இருக்கே!

“இந்த பாஸ்போர்ட்ல உங்கம்மா கப்பல் ஏற முடியாது சார்.”

கவுண்டரில் இருந்த பெண் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதனால் மகனுக்கு முதலில் விளங்கவே இல்லை.

“ஏன்? ஃபோட்டோ சரியில்லையா?”

“தேதி சார். மார்ச் இருபதோட முடியுது.”

“இன்னிக்கு நவம்பர் ரெண்டுங்க! மூணு ராத்திரி கடல்ல இருந்துட்டு, அஞ்சாம் தேதி இதே இடத்துல வந்து இறங்கப்போறோம். இன்னும் நாலரை மாசம் இருக்கே!”

“திரும்புற நாள்ல இருந்து ஆறு மாசம் இருக்கணும் சார்.”

மகன் விரல் விட்டு எண்ணினான். ஒரு தரம் நாலு வந்தது, இன்னொரு தரம் ஐந்து வந்தது. எப்படி எண்ணியும் ஆறு வரவில்லை.

பக்கத்தில் அம்மா புது ஷூவும் கைப்பையுமாக நின்றிருந்தாள். மறுநாள் அவளுக்கு எழுபது வயது. நடுக்கடலில் கேக் வெட்ட வேண்டும் என்று மகனும் மகளும் சேர்ந்து போட்ட திட்டம் இது.

“நாலு நாளைக்கு எதுக்குங்க ஆறு மாசம்? பால் பாக்கெட்டைக்கூட போட்டிருக்கிற தேதி வரைக்கும் காய்ச்சலாம். இது மட்டும் முன்கூட்டியே கெட்டுப்போயிடுமா?”

“கப்பல் போய் நிக்கிற நாட்டோட சட்டம் சார்.”

“அம்மா இறங்கவே மாட்டாங்க. கப்பல்லயே உட்கார்ந்திருப்பாங்க.”

“இறங்கினாலும் ஆறு மாசம், இறங்காட்டியும் ஆறு மாசம்.”

மகள் அண்ணனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கணவரும் பிள்ளைகளும் ஏற்கெனவே உள்ளே போயாச்சு.

“அடுத்த கவுண்டர்ல மூணு மாசம் போதும்னு ஒருத்தரை அனுப்பினாங்களே! என் காதால கேட்டேன்.”

“அது வேற கப்பல் மேடம். வேற நாடு.”

“கடல் ஒண்ணுதானே?”

கவுண்டர் பெண் பாஸ்போர்ட்டை மூடி அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

“புறப்பட்ட இடத்துக்கே திரும்புற கப்பலுக்கு இதெல்லாம் பார்க்க மாட்டாங்கன்னு டிராவல்ஸ்காரர் சொன்னாரே...” என்று மெல்ல இழுத்தாள் மருமகள்.

“சில இடத்துக்குப் பார்க்க மாட்டாங்க மேடம். இந்த இடத்துக்குப் பார்ப்பாங்க.”

மகள் சட்டென்று திரும்பினாள்.

“இருங்க அண்ணி. டிராவல்ஸ்காரர்கிட்ட இதை எப்போ கேட்டீங்க? அப்போ தேதி பத்தாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்!”



“ரெண்டு மாசம் முன்னாடியே புதுப்பிக்கிற ஃபாரத்தை உன் கையிலதானே குடுத்தேன்?” என்று மனைவியைக் கேட்டான் மகன்.

“குடுத்தீங்க.”

“என்னாச்சு?”

“மறந்துட்டேன்.”

“மறந்துட்டாங்களாம்!” மகளின் குரல் கூரையைத் தொட்டது. “அண்ணன் பாஸ்போர்ட் புதுசு, அண்ணி பாஸ்போர்ட் புதுசு. அம்மாவோடது மட்டும் மறந்துபோச்சு. வீட்லதான் மாமியார், கப்பல்லயுமான்னு நினைச்சிருப்பீங்க. வாய்விட்டுச் சொல்லியிருந்தா உங்களை நாங்களே விட்டுட்டு வந்திருப்போமே!”

வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு டிக்கெட் இல்லாமல் ஒரு நாடகம். “இந்தக் காலத்து மருமகளுங்க இருக்காங்களே...” என்று உச்சுக்கொட்டினாள் ஒரு பெண்மணி. அவள் தன் மாமியாரை வீட்டோடு விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இத்தனைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளுக்குப் பரிந்தும் பேசவில்லை, பாய்ந்தும் பேசவில்லை. ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒலிபெருக்கி அலறியது. இன்னும் இருபது நிமிஷத்தில் கதவை மூடுவார்களாம்.

“நீங்க கிளம்புங்க. பிள்ளைங்க உள்ள தேடும்” என்றாள் மாமியார்.

“நாளைக்கு உங்க பிறந்தநாள்மா!”

“அது வீட்லயும் வரும். போ.”

“நான் அத்தையோட இருக்கேன்” என்று தன் பெட்டியைத் தனியாக இழுத்துக்கொண்டாள் மருமகள்.

“இருந்துதானே ஆகணும்” என்றாள் மகள்.

கணவன் இரண்டு தரம் நின்று திரும்பிப் பார்த்தான். இரண்டு தரமும் அம்மாவைத்தான் பார்த்தான்.

டாக்ஸியில் மாமியாரும் மருமகளும் மட்டும். மாமியார் மடியில் வலது கை ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள்.

“ஏம்மா இப்படி வாங்கிக் கட்டிக்கிட்டே? கை நடுங்குது, அஞ்சு ஃபாரம் வீணாயும் ஒண்ணுலகூட கையெழுத்து கட்டத்துக்குள்ள நிக்கலைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. நானும் ஊமை மாதிரி நின்னுட்டேன்.”

“சொல்லியிருந்தா, ‘கைநாட்டு வெச்சிருக்கலாமே’ன்னு உங்க பிள்ளை அத்தனை பேர் முன்னாடியும் கேட்டிருப்பார் அத்தை.”

“கேட்டா என்ன? வெச்சுத் தொலைச்சிருந்தா இந்நேரம் எல்லாரும் கப்பல்ல இருந்திருப்போம். மைப்பெட்டியை வாங்கிட்டு வந்தவளும் நீதான், தூக்கி உள்ள வெச்சவளும் நீதான்.”

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“முப்பது வருஷம் பேங்க்ல உட்கார்ந்து, கையெழுத்து ஒத்துப்போகலைன்னு ஊரார் செக்கையெல்லாம் திருப்பி அனுப்பினவங்க நீங்க. உங்க கட்டை விரலைப் பிடிச்சு மை தடவ எனக்குக் கை வரலை அத்தை.”