நீலச் சீட்டு

சந்திரமண்டலம் அக்கா மறுபடியும் கண்ணை மூடிவிட்டாள்.

மெமரி சிப் தொழிற்சாலையின் சோதனை அறையில் எந்நேரமும் மஞ்சள் வெளிச்சம்தான். காலையா மாலையா என்றே தெரியாது. எல்லோருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. காற்றை வடிகட்டும் இயந்திரம் வேறு நாள் முழுக்கத் தாலாட்டும். யாருக்குத்தான் சொக்காது? அக்கா ஒரேயடியாக வேற்று உலகத்துக்கே போய்விடுவாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"கண்ணுக்கு ரெண்டு நிமிஷம் ஓய்வு குடுத்தா அப்புறம் கடகடன்னு ஓடும்டி" என்பாள்.

ரெண்டு நிமிஷமாம். நல்ல சாக்கு.

முன்பென்றால், அதே மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இவள் இதைக் கண்டுகொண்டிருக்க மாட்டாள். ஆனால் முதலாளி இந்தத் தொழிலை முதலீட்டாளர்கள் கூட்டணி ஒன்றுக்கு விற்றுவிட்டார். விற்ற வாரமே, கிடங்கில் இருந்த இவள் கணவனுக்கு வேலை போயிற்று. அடுத்து வந்தது உத்தரவு: மேஜைக்கு இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும். இரண்டு வாரத்தில் யார் அதிகத் தட்டு சிப்புகளைச் சோதித்து முடிக்கிறாரோ அவருக்கே இடம்.

மைக்ராஸ்கோப்பில் சிப்புகளைப் பார்க்க வேண்டும். தட்டு முடிந்ததும் சுருளிலிருந்து அவரவர் நிறச் சீட்டைக் கிழித்து ஒட்ட வேண்டும்; அதை எண்ணித்தான் கணக்கு. இவளுக்கு நீலம், அக்காவுக்குச் சிவப்பு.

இவளும் சொக்கிப்போகாமல் இல்லை. கண்ணாடிக்குள் தெரியும் கோடுகள் தெருக்களாக மாறும். அந்தத் தெருக்களில் கணவன் வேலை தேடி நடந்துகொண்டே இருப்பான். திடுக்கிட்டு விழித்தால், எத்தனை தட்டு முடித்தோம் என்றே நினைவிருக்காது.

மணி அடித்ததும் அக்கா எழுந்துவிடுவாள்.

"நீ கெளம்பு. தட்டையெல்லாம் நான் கொண்டுபோய் அடுக்கிடறேன்."

பகலெல்லாம் தூங்கிவிட்டு, அதிகாரி வரும் நேரத்தில் என்ன சுறுசுறுப்பு. இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி நாள், புது அதிகாரி இவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பக்கத்துல இருக்கிறவங்க வேலை எப்படி?"

வீட்டு நிலைமை கண்முன் வந்து நின்றது.

"மதியானமானா தூங்கிடுவாங்க சார்."

"நெனச்சேன். நீங்க நூத்திப் பத்து தட்டு. அவங்க நாப்பதுதான்."

நூற்றுப்பத்தா? இவளுக்கே தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அக்கா உடுப்பைக் கழற்றிவிட்டு, பையோடு வந்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு எங்கயாவது கெடச்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

"கெடச்சுடும். அதுவரைக்கும் நீ இங்கயே இரு."

இவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் மேஜையில் இவள் மட்டும்தான். ஒரு நொடிகூடச் சொக்கவில்லை. இமைக்க மறந்து பார்த்தாள். மணி அடித்தபோது எண்ணினால், ஐந்தே தட்டு.

தினம் ஒன்பது முடித்தவளுக்கு இன்று என்ன வந்தது?

அந்த ஐந்தாவது தட்டுக்குச் சீட்டு ஒட்டப் போனபோது கையிலிருந்த நீலச் சுருள் தீர்ந்துவிட்டது. மிச்சம் மீதி இருக்குமா என்று அக்காவின் இழுப்பறையைத் திறந்தாள்.

சிவப்புச் சுருள் பெரிதாகக் குறையாமல் கிடந்தது. அதன் பக்கத்திலேயே, கிட்டத்தட்டத் தீர்ந்துபோன ஒரு நீலச் சுருள்.